வார்கிராஃப்டில் ஹாட்கீயும் மேக்ரோவும்: புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் என்ற இணைய கேமுக்குப் புதிதாக வருகிறவர்கள் பலர் ஆரம்பத்தில் ஒவ்வொரு ஸ்பெல்லையும் (மந்திரம், தாக்குதல் போன்ற திறன்) மவுஸால் க்ளிக் செய்தே ஆடுகிறார்கள். தனியாக சுற்றித் திரியும்வரை அதில் ஒரு குறையும் தெரியாது. டன்ஜனுக்குள் (குழுவாகப் போய்ச் சண்டையிடும் தனி இடம்) ஐந்து பேராகப் போகும்போதுதான் சிக்கல். மவுஸ் பட்டனைத் தேடிக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் காலடியில் நெருப்பு எரியும், விலகவும் முடியாது, திருப்பி அடிக்கவும் முடியாது. ஒரு ஸ்பெல்லைப் போடும் கீயான ஹாட்கீயும், சில கட்டளைகளை ஒரே பட்டனில் வைக்கும் மேக்ரோவும் இதற்குத்தான். இணையத்தில் இதைப் பற்றிய குறிப்புகள் ஏராளம். ஆனால் பாதி பழைய பதிப்புக்கு எழுதியவை, மீதி ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக எழுதியவை. அவற்றைத் தேடித் தேடிப் பொறுக்கி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்த பிறகு, அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்று வரிசையாக எழுதுகிறேன்.

இது இப்போதைய முதன்மைப் பதிப்புக்கானது. கேமின் பழைய வடிவமான கிளாசிக் ஆடுபவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். வேறுபடும் ஓர் இடத்தை அங்கேயே சொல்கிறேன்.

1. தொடங்கும் முன்: செலவு, நேரம், தேவையானவை

ஹாட்கீக்கும் மேக்ரோவுக்கும் தனியாகக் காசு கிடையாது. கேமுக்குள்ளேயே இருக்கின்றன. கேமின் சந்தா மாதத்துக்கு 14.99 அமெரிக்க டாலர். சந்தா கட்டும் முன் பழகிப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஸ்டார்ட்டர் எடிஷன் இருக்கிறது. 20ஆம் லெவல் வரை இலவசம். இந்த வழிகாட்டியில் உள்ள கீ அமைப்பு வேலைகளையும் முதல் மேக்ரோவையும் அதிலேயே செய்து பார்க்கலாம். பணம் கட்டுவதை அதற்குப் பிறகு முடிவு செய்யுங்கள்.

பன்னிரண்டு பக்கவாட்டு பட்டன் வைத்த மவுஸை உடனே வாங்கிவிடாதீர்கள். அது நல்ல பொருள்தான். ஆனால் எந்த ஸ்பெல்லை எங்கே வைப்பது என்று தெரியாதவருக்கு பன்னிரண்டு பட்டனும் குழப்பம்தான் தரும். சாதாரண கீபோர்டும், கட்டைவிரல் பக்கம் இரண்டு பட்டன் உள்ள மவுஸும் போதும். கீபோர்டில் மட்டும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நோட்பேடைத் திறந்து டபிள்யூவையும் ஏவையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தபடி 1, 2, 3 என்று தட்டுங்கள். எண்கள் திரையில் வந்தால் சரி. விலை மலிவான சில கீபோர்டுகளில் மூன்றாவது கீ பதிவாகாது. அப்படியானால் ஓடிக்கொண்டே அடிப்பது உங்கள் கீபோர்டில் நடக்காது. அந்தக் கீயைத் தவிர்த்து வேறு கீக்கு வையுங்கள், அல்லது கீபோர்டை மாற்றுங்கள். செலவழித்தே ஆக வேண்டுமென்றால் இதற்குத்தான் முதலிடம்.

நேரக் கணக்கு: தாளில் திட்டமிட அரை மணி, கீ அமைக்க அரை மணி, மேக்ரோக்களுக்கு ஒரு மணி. கை பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரம். இந்தக் கடைசிக் கணக்கைக் குறைக்க எந்தக் குறுக்குவழியும் கிடையாது. டன்ஜனுக்கு நண்பர்கள் கூப்பிட்டிருக்கும் மாலையில் கீயை மாற்றாதீர்கள்.

2. கேமைத் திறக்காமல், முதலில் தாளில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்: கீயை ஸ்பெல்லுக்கு ஒதுக்காதீர்கள், வேலைக்கு ஒதுக்குங்கள். இன்று மந்திரவாதியான மேஜ் ஆடுவீர்கள், மூன்று மாதம் கழித்து மற்றவரைக் குணப்படுத்தும் ப்ரீஸ்ட் ஆட ஆசை வரும். கீ என்பது, ஸ்பெல் பட்டன்கள் வரிசையாக நிற்கும் ஆக்ஷன் பாரில் உள்ள இடத்தோடு கட்டப்பட்டது, ஸ்பெல்லோடு அல்ல. ஆகவே எதிரியின் மந்திரத்தை வெட்டும் இன்டரப்ட் எல்லா கேரக்டருக்கும் ஒரே இடத்தில் இருந்தால், கேரக்டர் மாறினாலும் விரல் மாறாது.

நான் பரிந்துரைக்கும் ஒதுக்கீடு இது:

1 முதல் 4 வரை: ஓயாமல் அடிக்கும் ஸ்பெல்கள்.
இ: இன்டரப்ட்.
கியூ: உயிர் காக்கும் ஸ்பெல்.
ஆர்: கூட்டமாக வரும் எதிரிகளை அடிப்பது.
எக்ஸ்: தப்பி ஓடுவது, தாவுவது.
சி: எதிரியை முடக்கி வைப்பது.
மவுஸின் இரண்டு பக்கவாட்டு பட்டன்கள்: எப்போதாவது மட்டும் போடும் பெரிய ஸ்பெல்கள்.
ஷிஃப்டோடு சேர்த்து இதே கீகள்: அதே வகையில் இரண்டாவது ஸ்பெல். கியூ சிறிய கவசம் என்றால், ஷிஃப்ட் கியூ பெரிய கவசம்.

இடது கை நகராமல் எட்டும் கீகள் மட்டும்தான் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். 7, 8, 9, 0 ஆகியவற்றைச் சண்டைக்கு வைக்காதீர்கள். அவற்றை அழுத்த, முன்னால் ஓடும் கீயான டபிள்யூவிலிருந்து கையை எடுக்க வேண்டும். கை எடுத்தால் நின்றுவிடுவீர்கள். குதிரை ஏறுவது, சாப்பிடுவது போன்றவற்றுக்கு அங்கே இடம் கொடுக்கலாம்.

மேலே சொன்ன கீகளில் சில ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கும். ஆர் என்பது கடைசியாக விஸ்பர் (தனிச் செய்தி) செய்தவருக்குப் பதில் அனுப்ப, சி கேரக்டர் பக்கம் திறக்க, எக்ஸ் உட்கார. இவற்றைத் தயங்காமல் பறித்துக்கொள்ளுங்கள். கேரக்டர் பக்கத்தை வேறு ஒரு கீக்குத் தள்ளிவிடலாம். உட்காருவதற்கு ஒரு கீ தேவையே இல்லை.

3. நகரும் கீகளைத் திருத்துங்கள்

கேம் வரும்போது ஏயும், எஸ்ஸுக்கு வலப்பக்கம் இருக்கும் டியும் கேரக்டரைத் திருப்புவதற்கு இருக்கும். கியூவும் இயும் பக்கவாட்டில் நகர்வதற்கு. வலது மவுஸ் பட்டனைப் பிடித்துக்கொண்டால் மவுஸே கேரக்டரைத் திருப்பிவிடும், அதுவும் பல மடங்கு வேகமாக. ஆகவே கீயால் திருப்புவது வீண். எஸ்கேப் அழுத்தி, ஆப்ஷன்ஸ், கீபைண்டிங்ஸ், மூவ்மெண்ட் போங்கள். பக்கவாட்டு நகர்வை ஏக்கும் டிக்கும் கொடுங்கள். இந்த ஒரே மாற்றத்தில் கியூ, இ என்ற இரண்டு அருமையான கீகள் ஸ்பெல்லுக்குக் கிடைத்துவிடும்.

எஸ் பின்னால் நடப்பது. முன்னால் ஓடும் வேகம் நொடிக்கு 7 கஜம், பின்னால் போகும் வேகம் 4.5 கஜம்தான். நெருப்பிலிருந்து எஸ்ஸால் வெளியே வர நினைப்பவர் நெருப்பிலேயே நிற்கிறார். பக்கவாட்டில் போங்கள், அல்லது மவுஸால் திரும்பி முன்னால் ஓடுங்கள்.

4. கீகளைக் கட்டுவது

பழைய குறிப்புகள் கீபைண்டிங் பட்டியலில் "ஆக்ஷன் பார் 2, பட்டன் 5" என்று தேடித் தேடி மாற்றச் சொல்லும். இப்போது அது வேண்டாம். ஆப்ஷன்ஸ், கீபைண்டிங்ஸ் பக்கத்தின் மேலேயே குயிக் கீபைண்ட் மோட் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அழுத்தி, பாரில் உள்ள எந்த இடத்தின் மேலும் மவுஸை வைத்து, வேண்டிய கீயைத் தட்டினால் போதும். கட்டியாயிற்று. வேண்டாத கீயை நீக்க மவுஸை அதன் மேல் வைத்து எஸ்கேப். முடிந்ததும் ஓகே கொடுக்க மறக்காதீர்கள். ஓகே இல்லாமல் வெளியே வந்தால் எதுவும் பதிவாகாது. சண்டையின் நடுவே கீயை மாற்ற கேம் விடாது. ஊருக்குள் நின்று செய்யுங்கள்.

அங்கேயே "இந்தக் கேரக்டருக்கு மட்டும்" என்ற பொருளில் கேரக்டர் ஸ்பெசிஃபிக் கீ பைண்டிங்ஸ் என்று ஒரு டிக் பெட்டி இருக்கும். அதைத் தொடாதீர்கள். டிக் போட்டால் ஒவ்வொரு கேரக்டருக்கும் தனித்தனிக் கீ அமைப்பு உருவாகி, 2ஆம் படியில் சொன்ன பயன் முழுதும் போய்விடும்.

இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதலாவது, ஷிஃப்டும் எண்களும். கேம் வரும்போதே ஷிஃப்ட் 1 முதல் ஷிஃப்ட் 6 வரை முதன்மை பாரின் பக்கத்தை மாற்றுவதற்குக் கட்டப்பட்டிருக்கும். ஷிஃப்டோடு மவுஸ் சக்கரத்தை உருட்டினாலும் அதுவே நடக்கும். சண்டை நடுவே திடீரென்று எல்லா ஸ்பெல்லும் காணாமல் போய் வெறும் கட்டங்கள் மட்டும் நிற்கும். கேம் கெட்டுவிட்டது என்று நினைத்து பலர் வெளியேறி மறுபடி நுழைகிறார்கள். பாரின் ஓரத்தில் உள்ள சின்ன எண்ணைப் பாருங்கள். அது 1 இல்லாமல் 2 என்றிருந்தால் நீங்கள் பக்கம் மாறிவிட்டீர்கள், அவ்வளவுதான். ஷிஃப்ட் 1 அழுத்தினால் திரும்பிவிடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால், கீபைண்டிங்ஸில் ஆக்ஷன் பார் பிரிவுக்குப் போய் இந்தப் பக்கம் மாற்றும் கீகள் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். யாருக்கும் அவை தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. மொத்தம் எட்டு ஆக்ஷன் பார்கள் திரையில் வைத்துக்கொள்ளலாம். பக்கம் புரட்ட வேண்டிய அவசியமே வராது.

இரண்டாவது, மவுஸின் பக்கவாட்டு பட்டன்களில் ஒன்று தானாக ஓடுவதற்குக் கட்டப்பட்டிருக்கும். நீங்கள் வேறு ஸ்பெல்லை வைத்ததும் கேம் பழைய கட்டைத் தானே எடுத்துவிடும். தானோட்டம் வேண்டுமென்றால் நம்லாக் இருக்கிறது.

5. விண்டோஸ் நடுவில் புகும் இடங்கள்

இதை எந்த கேம் குறிப்பும் சொல்வதில்லை. ஆனால் தமிழில் தட்டச்சு செய்கிறவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

கணினியில் தமிழ் கீபோர்டும் ஆங்கில கீபோர்டும் சேர்ந்து இருந்தால், இடது ஆல்ட்டும் ஷிஃப்டும் சேர்ந்து அழுந்தும்போது விண்டோஸ் மொழியை மாற்றும். ஷிஃப்ட் ஹாட்கீயிலிருந்து ஆல்ட் ஹாட்கீக்கு விரல் தாவும்போது இது தானாகவே நடந்துவிடும். அதற்குப் பிறகு எழுத்துக் கீகள் எதிர்பார்த்தபடி வேலை செய்யாமல் தவிப்பீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் டைப்பிங், அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸ் பகுதியில் மொழி மாற்றும் ஹாட்கீகளை அணைத்துவிடுங்கள். மொழி மாற்ற விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்ந்து எப்போதும் இருக்கும். தமிழ் தட்டச்சுக்கு ஒரு இடைஞ்சலும் வராது.

ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று ஒரு பெட்டி எழும். கேம் பின்னால் போய்விடும். அமைப்புகள், அக்செசிபிலிட்டி, கீபோர்டு போய் ஸ்டிக்கி கீஸுக்கான அந்தக் குறுக்குவழியை அணையுங்கள். 

ஆல்ட் எஃப்4 கேமை மூடிவிடும் என்பதால் எஃப்4 பக்கத்தில் ஆல்ட் ஹாட்கீ எதுவும் வைக்காதீர்கள்.

6. முதல் மேக்ரோ

மேக்ரோ என்பது சில வரிக் கட்டளைகள் கொண்ட ஒரு பட்டன். சாட் பெட்டியில் சாய்கோடு போட்டு மேக்ரோ என்று அடித்தாலோ, எஸ்கேப் பட்டியலில் மேக்ரோஸை அழுத்தினாலோ ஒரு ஜன்னல் திறக்கும். அதில் இரண்டு பிரிவுகள். ஜெனரல் பிரிவில் வைத்தவை உங்கள் எல்லாக் கேரக்டருக்கும் தெரியும். அங்கே 120 மேக்ரோ வரை வைக்கலாம். இரண்டாவது பிரிவு அந்தக் கேரக்டருக்கு மட்டும். மேஜ், ப்ரீஸ்ட் போன்ற ஒரு வகுப்புக்கே உரிய ஸ்பெல்கள் உள்ள மேக்ரோவை இரண்டாவதில் வையுங்கள். ஒரு மேக்ரோவின் நீளம் 255 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும்.

நியூ அழுத்தி, சிவப்புக் கேள்விக்குறி ஐகானைத் தேர்ந்தெடுங்கள். அழகான வேறு ஐகான்கள் ஆயிரம் இருக்கும், அவற்றை விட்டுவிடுங்கள். கேள்விக்குறி வைத்தால்தான் ஸ்பெல்லின் உண்மையான படம் தானாக வரும். பெயர் கொடுத்து ஓகே.

இனி வரும் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். கேமில் இவற்றை ஆங்கில எழுத்தில், சிற்றெழுத்தில் அடிக்க வேண்டும். அடைப்பு, காற்புள்ளி, @ குறி எல்லாம் இங்கே உள்ளபடியே வர வேண்டும்.

#ஷோடூல்டிப்
/காஸ்ட் ஃப்ளாஷ் ஹீல்

முதல் வரி: படத்தையும் கூல்டவுனையும் (மறுபடி போடும்வரை காத்திருக்க வேண்டிய நேரம்) பட்டனில் காட்டு. ஷோ, டூல்டிப் இரண்டும் இடைவெளி இல்லாமல் ஒரே சொல். இரண்டாம் வரி: இந்த ஸ்பெல்லைப் போடு. ஃப்ளாஷ் ஹீல் என்பது ப்ரீஸ்டின் குணப்படுத்தும் ஸ்பெல். ஸ்பெல் பெயரை நீங்கள் அடிக்கவே வேண்டாம். மேக்ரோ ஜன்னலையும் ஸ்பெல்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ஸ்பெல்லை க்ளிக் செய்தால் பெயர் தானே வந்து விழும். எழுத்துப் பிழையால் வீணாகும் நேரத்தை இது முழுதாக மிச்சப்படுத்தும். பவர் வேர்டு: ஷீல்டு போன்ற பெயர்களில் நடுவில் வரும் முக்காற்புள்ளியும் அதற்குப் பின் வரும் இடைவெளியும் கூடப் பெயரின் பகுதிதான். ஒன்று விட்டாலும் ஸ்பெல் போகாது. கேமை வேறு மொழியில் வைத்து ஆடினால் ஸ்பெல் பெயரும் அந்த மொழியில்தான் இருக்க வேண்டும். 

ஐகானை இழுத்து பாரில் போடுங்கள். அந்த இடத்தின் கீதான் மேக்ரோவின் கீ.

7. மவுஸ்ஓவர்: ஹீலருக்கு இது இல்லாமல் முடியாது

மேக்ரோக்களிலேயே அதிகப் பலன் தருவது இதுதான். சாதாரணமாக ஒருவரை ஹீல் செய்ய (குணப்படுத்த) அவரை க்ளிக் செய்து தேர்ந்தெடுத்து, பிறகு ஸ்பெல் கீயை அழுத்த வேண்டும். இரண்டு வேலை. மேலும், பார்த்துக்கொண்டிருந்த பாஸ் (டன்ஜனின் பெரிய எதிரி) தேர்விலிருந்து போய்விடும். மவுஸ்ஓவர் மேக்ரோவில் மவுஸ் யார் மேல் நிற்கிறதோ அவருக்கு ஸ்பெல் போகும். க்ளிக் கிடையாது. தேர்வு மாறாது.

#ஷோடூல்டிப்
/காஸ்ட் [@மவுஸ்ஓவர்,ஹெல்ப்,நோடெட்][] ஃப்ளாஷ் ஹீல்

இதை வாசிக்கக் கற்றுக்கொண்டால் எல்லா மேக்ரோவும் விளங்கிவிடும். சதுர அடைப்பு ஒவ்வொன்றும் ஒரு நிபந்தனை. இடமிருந்து வலமாகப் பார்க்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதோடு நின்றுவிடும். அடைப்புக்குள் காற்புள்ளி என்றால் "இதுவும், அதுவும்". ஆகவே முதல் அடைப்பு சொல்வது: மவுஸ் ஒருவர் மேல் இருக்க வேண்டும், அவர் நம் பக்கத்தவராக இருக்க வேண்டும், இறந்திருக்கக் கூடாது. அடுத்து வரும் வெற்று அடைப்பு: மேலே உள்ளது பொருந்தாவிட்டால், எப்போதும்போல, தேர்ந்தெடுத்தவருக்கே போடு.

அந்த வெற்று அடைப்பைப் பற்றி யோசித்து முடிவெடுங்கள். ஃப்ளாஷ் ஹீலுக்கு அது வேண்டும். ஆனால் ஒருவரைச் சாகவிடாமல் காக்கும் கார்டியன் ஸ்பிரிட் போல நீண்ட கூல்டவுன் உள்ள ஸ்பெல்லுக்கு வெற்று அடைப்பை எடுத்துவிடுங்கள். எதிரியின் அடியைத் தாங்கும் டேங்க் சாகப்போகும் நொடியில் மவுஸ் அரை அங்குலம் விலகியிருந்தால், வெற்று அடைப்பு இருக்கும் மேக்ரோ அதை வேறு யாருக்கோ, பெரும்பாலும் உங்களுக்கே, போட்டுவிடும். வெற்று அடைப்பு இல்லாத மேக்ரோ சும்மா இருக்கும். மவுஸைச் சரிசெய்து மறுபடி அழுத்த ஒரு வாய்ப்பு மிச்சம் இருக்கும். ஒருவரை உங்களிடம் இழுக்கும் லீப் ஆஃப் ஃபெய்த்துக்கும் இதே விதி. தவறான ஆளை இழுத்து நெருப்பில் போட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

தன்னையே ஹீல் செய்துகொள்ள ஒரு வழியும் இதே வரியில் சேர்க்கலாம்:

/காஸ்ட் [மாட்:ஷிஃப்ட்,@ப்ளேயர்][@மவுஸ்ஓவர்,ஹெல்ப்,நோடெட்][] ஃப்ளாஷ் ஹீல்

ஷிஃப்டோடு அழுத்தினால் எனக்கு, இல்லையென்றால் மவுஸ் மேல் உள்ளவருக்கு. மாட் என்பது எம், ஓ, டி என்ற மூன்றெழுத்து.

இந்த மேக்ரோவில்தான் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் ஒரு பொறி இருக்கிறது. மேக்ரோவை 2 என்ற கீயில் வைத்திருக்கிறீர்கள், ஷிஃப்ட் 2 வேறு எதற்காவது கட்டப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். அப்போது ஷிஃப்ட் 2 அழுத்தினால் அந்த வேறு வேலைதான் நடக்கும். மேக்ரோவுக்குத் தகவலே போகாது. மேக்ரோவை எத்தனை தடவை திருத்தினாலும் பயனில்லை, பிழை அங்கே இல்லை. ஷிஃப்ட் 2 எதற்கும் கட்டப்படாமல் காலியாக இருக்க வேண்டும். 4ஆம் படியில் பக்கம் மாற்றும் கீகளை நீக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் இதுதான். ஆல்ட்டுக்கும் இப்படி ஒன்று உண்டு: ஆப்ஷன்ஸின் காம்பேட் பகுதியில் செல்ஃப் காஸ்ட் கீ ஆல்ட்டாக இருந்தால், ஆல்ட்டோடு அழுத்தும் ஸ்பெல் உங்கள் மேலேயே விழும்.

அதே காம்பேட் பகுதியில் மவுஸ்ஓவர் காஸ்ட் என்று ஒரு ஆப்ஷனும் இருக்கிறது. அதை இயக்கினால் மேக்ரோவே இல்லாமல் இது நடக்கும். அவசரமாகத் தொடங்குகிறவர்களுக்கு அது போதும். ஆனால் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் தனித்தனி நடத்தை வேண்டுமானால், கார்டியன் ஸ்பிரிட்டுக்குச் சொன்னதுபோல, மேக்ரோதான் வழி. ஹீலர்கள் எடிட் மோட் போய் பார்ட்டி ஃப்ரேம்களை (குழுவினரின் உயிரளவைக் காட்டும் பெட்டிகள்) ரெய்டு பாணிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சிறு கட்டங்களாக, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். மவுஸ் ஓட வேண்டிய தூரம் பாதியாகக் குறையும்.

8. இன்னும் மூன்று மேக்ரோ

உதாரணத்துக்கு மேஜ் ஸ்பெல்களை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வகுப்பின் ஸ்பெல் பெயரை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

தரையில் வட்டம் போடும் ஸ்பெல்லுக்கு:

#ஷோடூல்டிப்
/காஸ்ட் [@கர்சர்] ப்ளிசர்டு

வட்டம் வரும், இடம் பார்த்து மறுபடி க்ளிக் செய்ய வேண்டும் என்ற இரண்டாம் வேலை இல்லை. மவுஸ் நிற்கும் இடத்தில் உடனே விழும்.

இன்டரப்டுக்கு:

#ஷோடூல்டிப்
/ஸ்டாப்காஸ்டிங்
/காஸ்ட் [@ஃபோகஸ்,ஹார்ம்,நோடெட்][] கவுண்டர்ஸ்பெல்

பாஸை அடித்துக்கொண்டே, பக்கத்தில் நிற்கும் ஒரு மந்திரவாதியைத் தடுப்பது உங்கள் பொறுப்பு என்றால், அவனைத் தேர்ந்தெடுத்து ஃபோகஸ் (தேர்வு மாறினாலும் நினைவில் நிற்கும் இரண்டாவது குறி) வையுங்கள். கீபைண்டிங்ஸின் டார்கெட்டிங் பிரிவில் ஃபோகஸ் டார்கெட் என்று இருப்பதற்கு ஒரு கீ கொடுத்துவிட்டால் போதும். அதன்பின் இன்டரப்ட் அவனுக்குத்தான் போகும், உங்கள் தேர்வு பாஸ் மேலேயே நிற்கும். ஸ்டாப்காஸ்டிங் வரி, உங்கள் கையில் அப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பெல்லை நிறுத்திவிட்டு வழிவிடும். கவனிக்க வேண்டியது: ஃபோகஸ் தானாக நீங்காது. அவன் உயிரோடு இருக்கும்வரை, நீங்கள் வேறு யாரையோ தடுக்க நினைத்தாலும் இன்டரப்ட் பழைய ஆளைத் தேடிப் போகும். சாய்கோடு போட்டு க்ளியர்ஃபோகஸ் என்றால் நீங்கும். கிளாசிக்கின் ஒரு வகையான கிளாசிக் இராவில் ஃபோகஸ் என்ற வசதியே இல்லை. அங்கே ஃபோகஸ் இருக்கும் இடத்தில் மவுஸ்ஓவர் போட்டுக்கொள்ளுங்கள்.

உயிர் காக்க:

#ஷோடூல்டிப்
/ஸ்டாப்காஸ்டிங்
/காஸ்ட் ஐஸ் ப்ளாக்

இதில் சிலர் /கேன்சல்ஆரா ஐஸ் ப்ளாக் என்று ஒரு வரி சேர்த்து, அதே கீயால் பனிக்கட்டியை உடைத்து வெளியே வரலாம் என்பார்கள். சேர்க்காதீர்கள். உயிர் போகும் பதற்றத்தில் யாரும் கீயை ஒரு தடவையோடு நிறுத்துவதில்லை. முதல் தட்டில் பனிக்கட்டி வரும், இரண்டாவது தட்டில் உடையும், அடி நேராக விழும். உடைப்பதற்குத் தனிக் கீ வையுங்கள்.

9. மேக்ரோவால் முடியாதது

எல்லா ஸ்பெல்லையும் ஒரே கீயில் அடுக்கி, அதையே தட்டிக்கொண்டிருக்கலாமா என்பது எல்லோருக்கும் வரும் ஆசை. முடியாது. ஒரு ஸ்பெல் போட்டதும் குளோபல் கூல்டவுன் என்ற இடைவெளி தொடங்கும். பெரும்பாலான வகுப்புகளுக்கு அது 1.5 நொடி. ஹேஸ்ட் (கேரக்டரின் வேகத்தைக் கூட்டும் அளவு) கூடக் கூடக் குறையும், 0.75 நொடிக்குக் கீழே போகாது. ஒரு தட்டில் அந்த இடைவெளியைத் தொடங்கும் ஸ்பெல் ஒன்றுதான் போகும். இரண்டு காஸ்ட் வரிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்தால் இரண்டாவது காத்திருக்காது, விடுபட்டுப் போகும். இடைவெளியைத் தொடங்காத சிலவற்றை மட்டும் சேர்க்கலாம். ஃபயர் மேஜின் கம்பஷன் என்ற ஸ்பெல்லோடு ட்ரிங்கெட்டை (கேரக்டர் அணியும் சிறு பொருள்) சேர்ப்பது அப்படி ஒன்று:

#ஷோடூல்டிப் கம்பஷன்
/யூஸ் 13
/காஸ்ட் கம்பஷன்

13 மேல் ட்ரிங்கெட்டின் இடம், 14 கீழ் ட்ரிங்கெட்டின் இடம். ட்ரிங்கெட் மாறினாலும் மேக்ரோவை மாற்ற வேண்டாம்.

காஸ்ட்சீக்வன்ஸ் என்ற கட்டளை ஸ்பெல்களை வரிசையாகப் போடும், தட்டுக்கு ஒன்றாக. அதைப் பார்த்து மயங்காதீர்கள். வரிசையில் உள்ள ஒன்று கூல்டவுனில் இருந்தால் முழு வரிசையும் அங்கேயே சிக்கி நிற்கும். உயிர் எவ்வளவு குறைந்திருக்கிறது, எந்த ஸ்பெல் தயார் என்று பார்த்து மேக்ரோ தானாக முடிவு எடுக்காது. வேண்டுமென்றே கேமை அப்படிச் செய்திருக்கிறார்கள். ஒரே பட்டனில் ஆட விரும்புகிறவர்களுக்கு கேமே ஒரு உதவி பட்டனைத் தருகிறது. அதில் இடைவெளி சற்று நீளும், ஆனாலும் உடல் காரணமாக அதிகக் கீகளை அழுத்த முடியாதவர்களுக்கு அது பெரிய வசதி.

கீயைப் படபடவென்று தட்ட வேண்டியதில்லை. இடைவெளி முடிவதற்கு 400 மில்லிநொடிக்கு முன்பே அழுத்தினாலும் கேம் அதை வரிசையில் வைத்து, நேரம் வந்ததும் போடும். இந்தியாவில் இந்த கேமுக்கு சர்வர் இல்லை, நம் பிங் (சர்வருக்குத் தகவல் போய்வரும் நேரம்) எப்போதும் சற்றுக் கூடுதல்தான். ஆகவே இடைவெளி முடியும்வரை காத்திராமல், கொஞ்சம் முன்னதாகவே அடுத்த கீயை அழுத்தப் பழகுங்கள்.

10. வேலை செய்யாத மேக்ரோவைச் சரிபார்ப்பது

இந்த வரிசையில் பாருங்கள். பட்டனில் சிவப்புக் கேள்விக்குறியே நிற்கிறதா? ஸ்பெல் பெயர் தவறு, அல்லது இப்போதைய டேலண்ட் தேர்வில் அந்த ஸ்பெல் உங்களிடம் இல்லை. படம் வருகிறது, அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லையா? மவுஸால் பட்டனை க்ளிக் செய்து பாருங்கள். க்ளிக் செய்தால் போகிறது, கீயால் போகவில்லை என்றால் மேக்ரோ நன்றாகத்தான் இருக்கிறது, கீ வேறு எதற்கோ கட்டப்பட்டிருக்கிறது. க்ளிக்கிலும் போகவில்லை என்றால் நிபந்தனைகளை எல்லாம் நீக்கி வெறும் காஸ்ட் வரியை மட்டும் வைத்துச் சோதியுங்கள். அது போனால் அடைப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள். நீளமான மேக்ரோவின் கடைசி வரி வேலை செய்யவில்லை என்றால் 255 எழுத்து வரம்பில் வெட்டுப்பட்டிருக்கும். காஸ்ட் என்ற இடத்தில் யூஸ் என்று போட்டாலும் ஸ்பெல் போகும், வரிக்கு ஓர் எழுத்து மிச்சமாகும்.

11. கணக்கைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள்

விதி எளிது: நீங்கள் ஒரு கீயைத் தட்டினால் கேமில் ஒரு செயல். மவுஸின் மென்பொருளில் ஒரு பட்டனுக்கு ஒரு கீயை மாற்றிக் கொடுப்பதில் தவறில்லை. அதே மென்பொருளில் தானாகத் திரும்பத் திரும்ப அடிக்கும் தொடர் அமைப்பதும், நேரம் வைத்துப் பல கீகளை அடுத்தடுத்து அனுப்புவதும் தானியக்கம் என்ற கணக்கில் வரும், கணக்கு முடக்கப்படலாம். ஒரு தட்டை ஒரே நேரத்தில் பல கேரக்டர்களுக்கு அனுப்பும் மென்பொருளை, கேமை நடத்தும் ப்ளிசர்டு நிறுவனம் 2020 நவம்பரில் வெளிப்படையாகத் தடை செய்தது.

தெரியாதவர் யாராவது சாட்டில் வந்து, ரன் அல்லது ஸ்க்ரிப்ட் என்று தொடங்கும் ஒரு வரியைக் கொடுத்து "இதை ஒட்டிப் பார், இலவசமாக மவுண்ட் (சவாரி விலங்கு) கிடைக்கும்" என்றால் ஒட்டவே ஒட்டாதீர்கள். காஸ்ட், யூஸ் ஆகியவை ஸ்பெல்லையும் பொருளையும்தான் தொடும். ரன் என்பது நிரல் ஓட்டுவது. கேம் ஒரு எச்சரிக்கைப் பெட்டியைக் காட்டும், அங்கே வேண்டாம் என்று சொல்லி வெளியே வந்துவிடுங்கள். கணக்குக்கு, உள்ளே நுழைவது நீங்கள்தானா என்று உறுதிசெய்யும் பேட்டில்.நெட் அத்தென்டிகேட்டரையும் போட்டுவிடுங்கள். செயலி இலவசம்.

12. நகல் எடுத்து வையுங்கள், பிறகு பழகுங்கள்

கேமின் கோப்புறையில் ரீடெய்ல் என்ற உட்கோப்புறைக்குள் டபிள்யூ.டி.எஃப். என்று ஒன்று இருக்கும். மேக்ரோஸ்-கேஷ், பைண்டிங்ஸ்-கேஷ் என்ற கோப்புகள் அதற்குள் உங்கள் கணக்கின் பெயரிலும், கேரக்டரின் பெயரிலும் இருக்கும். கேமை மூடிவிட்டு அந்தக் கோப்புறையை முழுதாகப் பென்டிரைவில் நகல் எடுங்கள். இவை சர்வரிலும் சேமிக்கப்படுகின்றன, ஆனாலும் இரண்டு கணினியில் மாறி மாறி ஆடுகிறவர்களுக்கு ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் வாய்ப்பு உண்டு. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் இருந்தால், மேக்ரோ எழுதியதும் ஜன்னலை மூடி, ஒருமுறை முறையாக லாக்அவுட் செய்துவிட்டுத் திரும்ப வாருங்கள்.

பழகுவதற்கு, கேமின் தலைநகரங்களான ஸ்டார்ம்விண்டிலும் ஆர்கிரிமாரிலும் ட்ரெய்னிங் டம்மிகள் (அடித்துப் பழகும் பொம்மைகள்) நிற்கின்றன. முதலில் நான்கு கீ மட்டும். கீபோர்டைப் பார்க்காமல் அவை வந்தபிறகு இன்னும் இரண்டு. நின்று அடிப்பது வந்ததும் டம்மியைச் சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டே அடியுங்கள், அதுதான் உண்மையான பயிற்சி. அடுத்தது ஃபாலோயர் டன்ஜன். அங்கே உடன் வரும் நால்வரும் கணினி ஆட்டக்காரர்கள். நீங்கள் கீ தேடி நின்றாலும் யாரும் திட்ட மாட்டார்கள். ஹீலர்கள் மவுஸ்ஓவரைப் பழக இதைவிட நல்ல இடம் கிடையாது. மூன்று நான்கு டன்ஜன் முடித்தபின் எந்தக் கீக்கு விரல் இன்னும் தடுமாறுகிறது என்று பார்த்து, அந்த ஒன்றை மட்டும் இடம் மாற்றுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்.